கோடிச் சேலை என்று நீ எழுதிய சொல்

இன்று காலை கடை திறந்து புதுக் கட்டைப் பிரித்தேன். தண்ணீர் படாத துணியின் கஞ்சி வாசனை குப்பென்று அடித்தது. உனக்கு அது பிடிக்கும். முகத்தை வைத்து மோந்து பார்ப்பாய். எனக்கு இப்போது அந்த வாசனை ஆகவில்லை. கட்டை அப்படியே போட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அஞ்சாவது வரை படித்தவள் எழுதுவது. தப்பு இருந்தால் எப்போதும் போல் நீயே திருத்திக்கொள்.

அண்ணன் தம்பியைக் கட்டி ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரு கடையில் உட்கார்ந்தால் ஆறு மாதம் தாங்காது என்று ஊரில் பேசினார்கள். ஒன்பது வருடம் உட்கார்ந்தோம். துணியை எடுத்துப் போடுவது நான். போனைப் பார்ப்பது நீ.

ஒருநாள் போனை என் முன்னால் நீட்டினாய். "அக்கா, காரைக்குடி சேலைக் கடைன்னு தேடிப் பாத்தேன். விரல் வலிக்கிற வரைக்கும் தள்ளிட்டேன், நம்ம கடை வரவே இல்ல."

பெரிய சொல்லையெல்லாம் பெரிய கடைகள் பிடித்துக்கொண்டன, நமக்கு அவர்கள் எழுதாத சின்னச் சொல்தான் வேண்டும் என்றாய். அன்றிலிருந்து வருகிறவர்கள் எப்படிக் கேட்கிறார்களோ அப்படியே ஒரு நோட்டில் எழுதினாய். வியாபாரத்தில் நாம் சொல்லும் பேரை நீ எழுதவில்லை. வீட்டில் முன்னோருக்குப் படைப்பில் வைக்கிற சேலை. பழனி நடைக்குப் பச்சைத் துண்டு. கை தூக்க முடியாதவர்களுக்கு முன்பக்கம் திறக்கிற நைட்டி. போனில் தேடினால் வருகிற நம் கடைப் பக்கத்தில் ஒவ்வொன்றாக ஏற்றினாய். அந்த நைட்டிக்காகவே குன்றக்குடியிலிருந்து ஒரு அம்மா ஆட்டோ பிடித்து வந்தார்கள்.

அதற்கப்புறம்தான் இந்தச் சொல்லை எடுத்தாய். கோடிச் சேலை. செத்தவர்களுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற புதுத் துணி. எந்தக் கடைக்காரனும் தன் கடைப் பேருக்குப் பக்கத்தில் எழுத மாட்டான்.

"அத எழுதாதடி. கூப்பிட்டு வச்ச மாதிரி ஆயிரும்" என்றேன்.

"எழுதலைன்னா ஊர்ல யாரும் சாகாம இருக்கப் போறாகளாக்கா? எதுக்கு இப்படிப் பயப்படுறீக? பட்டுக் கடைல போயி கோடி குடுங்கன்னு கேக்க ஆளுகளுக்குக் கூச்சம். வாயால கேக்கக் கூசுறதத்தான் போன்ல தேடுவாக."

என் வீட்டுக்காரர் கேள்விப்பட்டுக் கடை வாசலுக்கே வந்துவிட்டார். "இது துணிக்கடையா, இழவுக் கடையா? வாசல்ல ஒரு சங்கையும் கட்டித் தொங்க விடுங்க."

அவர் தெரு முனை தாண்டும்வரை தலை குனிந்திருந்தாய். பிறகு மெதுவாக, "ஊத ஆளு வேணும்லக்கா. அவுகளையே கேப்பமா?" என்றாய். எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

என் பயத்துக்காக ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்தாய். காலையில் முதல் போணிக்குக் கோடி கொடுப்பதில்லை. மற்றபடி நீ சொன்னதுதான் நடந்தது. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் சாவுக்கு வருகிறவர்கள் வழியிலிருந்தே கூப்பிட்டார்கள். நான் எடுத்தவுடன் "சுமங்கலியா?" என்று கேட்பேன். நீ போனை வாங்கிக்கொள்வாய். "அப்படிக் கேக்காதீகக்கா. அவுகளுக்கு என்ன கலரு பிடிக்கும்னு கேளுங்க, அவுகளே சொல்லிருவாக."

பங்குனியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் போய்விட்டாய்.

கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். கடைப் போன் என் இடுப்பில் இருந்தது. அதை அணைத்து வைக்க யாருக்குத் தோன்றும். அடித்தது. எடுத்தேன்.

"கோடிச் சேலை இருக்காம்மா? வேன்ல வந்துக்கிட்டு இருக்கோம். கடை எங்குட்டு இருக்கு?"

பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது. "எந்த வீட்டுக்குங்க?"

அந்த ஆள் நம் தெருவைச் சொன்னார். நம் வீட்டைச் சொன்னார். உன் பேரைச் சொன்னார். உன் சித்தப்பா. அவசரத்தில் போனில் தேடியிருக்கிறார், அது உன் கடை நம்பர் என்று அவருக்குத் தெரியவில்லை. நீ எழுதி வைத்த சொல் அவரை உன் கடைக்கே கொண்டுவந்து விட்டது. இழவுக் கடையா என்று கேட்ட என் வீட்டுக்காரர்தான் சாவியை வாங்கிப்போய், கடை திறந்து, உன் சித்தப்பா போர்த்துவதற்கு மயில்கழுத்துக் கலரில் சேலை எடுத்து வந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்தச் சொல்லை நானே அழித்தேன். எழுதத்தான் எனக்குத் தடுமாறும், அழிக்க ஒரு விரல் போதும். அந்தச் சொல் கூப்பிட்ட சாவு முதலில் கொண்டுபோனது உன்னை என்றால் அடுத்து யாரை? உன் மகள் என் பக்கத்தில்தான் படுக்கிறாள். இருமினால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்திலிருந்து பத்து நிமிடம் தாமதித்தால் தெருவில் போய் நிற்கிறேன். "பெரியம்மா, எல்லாரும் பாக்குறாக" என்று கோபித்துக்கொள்கிறாள். நாலு மாதம் கோடி கேட்டு ஒரு போன் வரவில்லை. அந்த அமைதி எனக்கு வேண்டியிருந்தது.

போன வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போதே ஒரு பெண் நின்றாள். சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவள். கையில் பை, உடம்பில் கசங்கிய சேலை. வெகுநேரம் பூப்போட்ட துணியையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு காதுக்குள் சொல்வதுபோல், "கோடி... வச்சிருக்கீகளா?" என்றாள்.

நெற்குப்பையில் அவள் அக்கா இறந்துவிட்டார். கூடப் பிறந்த ஆண் இல்லை. பிறந்த வீட்டுக் கோடியை இவள்தான் கொண்டுபோக வேண்டும்.

"பஸ்ல வர்றப்ப பூரா போன்ல தேடிப் பாத்தேங்க. கல்யாணப் பட்டாத்தான் காட்டுது. இங்க முன்னாடியே தொறந்திருந்த ரெண்டு கடைல ஏறுனேன். என்ன விசேஷம்னு சிரிச்சுக்கிட்டே கேக்குறாக. சொல்ல வாய் வரல, இறங்கிட்டேன்."

எனக்குப் போணி ஆகவில்லை. அதைச் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வாசலுக்குப் போய் வெயிலில் நின்றாள். கோபிக்கவே இல்லை. சாவு வீட்டுக்காரி என்றால் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார முடியும். "உள்ள வாத்தா" என்றேன். முதல் போணியாக அந்தச் சேலையைக் கொடுத்தேன்.

சாயங்காலம் போனை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துத் தேடினேன். உன் மகள் பார்த்துவிட்டாள். "குடுங்க பெரியம்மா, நான் போடுறேன், ஒரு நிமிஷம்தான்" என்று கை நீட்டினாள். "நீ தொடாத. அங்குட்டுப் போ" என்று கத்திவிட்டேன். ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. புரியவும் வேண்டாம். வருகிறது எதுவாக இருந்தாலும் தட்டிய விரலுக்கே வரட்டும். ஒவ்வொரு எழுத்தாக நானே தட்டி, கோடிச் சேலை என்று திரும்ப ஏற்றினேன். அன்று இரவு அவள் மூக்கில் மூச்சு வருகிறதா என்று எத்தனை தடவை கை வைத்துப் பார்த்தேனோ தெரியாது.

அதற்குப் பிறகு இரண்டு போன் வந்திருக்கிறது. பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். கோடி என்று காதில் விழுந்ததும் சேலையைப் பற்றிப் பேச மாட்டேன், எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு என்றுதான் முதலில் கேட்கிறேன். அது வேறு யார் வீடோ என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வருகிறது. எதிர்ப்பக்கம் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது எனக்கு வருகிற மூச்சு அது. இதை வேறு யாரிடமும் சொல்ல முடியாது.