என் முதுகுக்குத் தந்த தைலம்

இன்று காலை வேளச்சேரி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணிடமிருந்து தைல வாடை வந்தது. நல்லெண்ணெயில் வேரும் இலையும் போட்டுக் காய்ச்சிய அந்தக் கனத்த வாடை. கம்ப்யூட்டர் வேலையாம், ஆறு மாதமாக இடுப்பு வலியாம், தோழி ஒருத்தி கொடுத்த எண்ணெயாம். யாரிடமாவது காட்டினாயா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே இல்லை என்றாள். இன்றைக்கே போய்க் காட்டு என்று அதட்டிவிட்டேன். பயந்துபோய் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டாள். அவளை ஏன் அப்படி அதட்டினேன்? துக்கத்தில் என்று நினைத்துவிடாதே. கோபத்தில். உன் மேல்.

உன்னைப் பற்றி எல்லோரும் நல்லதைத்தான் பேசுகிறார்கள். நானும் பேசியிருக்கிறேன். மற்றதைச் சொல்ல உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், தி.நகரில் அந்த மாடி அறை. பாடப்புத்தகம், கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை என்று நாள் முழுக்க நீயும் நானும் அச்சுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் தட்டிக்கொண்டிருந்தோம். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு ஏசி உண்டு, தூசி படாமல் தைத்துப் போட்ட துணி உறை உண்டு. நமக்கு இரும்பு மடக்கு நாற்காலி. பெண்களுக்கு இடுப்பு வலி சகஜம்தானே என்று முதலாளி தன் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி சொல்வார்.

முதலில் விழுந்தது என் முதுகுதான். கீழே விழுந்த ப்ரூஃப் தாளை எடுக்கக் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. நீதான் என்னை ஆட்டோவில் ஏற்றி மயிலாப்பூர் வைத்தியரிடம் கூட்டிப்போனாய். கேரளத்திலிருந்து வந்து கோயில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் ஆயுர்வேதம் பார்த்தவர். உடனே எண்ணெயைத் தொடவில்லை அவர். என்னைப் படுக்கவைத்து ஒவ்வொரு காலாக உயர்த்திப் பார்த்தார். எத்தனை மணி நேரம் உட்காருகிறேன், படுத்தால் வலி குறைகிறதா, கால் மரத்துப்போகிறதா, உடம்பு இளைத்ததா, காய்ச்சல் உண்டா, உடம்பில் எங்காவது கட்டி இருக்கிறதா என்று நிதானமாகக் கேட்டார்.

"கட்டி, காய்ச்சல், இளைப்பு, மரத்துப்போறது, படுத்தாலும் விடாத வலி. இதுல ஒண்ணு இருந்தாலும் நான் எண்ணெய் தரமாட்டேன். மொதல்ல ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன்" என்றார்.

நீ என் தலைமாட்டில்தான் நின்றுகொண்டிருந்தாய். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய்.

எனக்கு இருந்தது நாற்காலி வலி மட்டும்தான். இரண்டு வாரம் மத்தியானம் மத்தியானம் போனேன். குப்புறப் படுக்கவைத்து, இடுப்பில் உளுந்து மாவால் வட்டமாகக் கரை கட்டி, அதற்குள் இளஞ்சூடான எண்ணெயை ஊற்றி, ஆற ஆற மாற்றுவார்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், பாதம் தொங்காமல் காலடியில் பலகை போட்டுக்கொள்ள வேண்டும், இதைச் செய்யாவிட்டால் தைலம் வீண் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வலி குறைந்தது. ஒரு குப்பி தைலத்தை வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்.

அந்த இரண்டு வாரத்துக்கு முதலாளி லீவு தருவதாக இல்லை. நீ போய் அவர் முன்னால் நின்றாய். "அவ பக்கத்தையும் நானே அடிச்சிடறேன் சார், அவள வுட்டுடுங்க" என்றாய். அடித்தாய். உன் பக்கமும் என் பக்கமுமாக அந்த இரும்பு நாற்காலியில். உன்னை யார் கேட்டது? நான் கேட்கவில்லையே.

அதனால்தான், தீபாவளி கழிந்து நீ இடுப்பைப் பிடிக்க ஆரம்பித்தபோது, என் பக்கங்கள்தான் உன்னைக் கெடுத்தன என்று நம்பினேன். வைத்தியரிடம் வா என்று எத்தனை முறை கூப்பிட்டேன். இன்றைக்கு ப்ரூஃப், நாளைக்குப் பெண்ணுக்கு டியூஷன் என்று தட்டிக்கழித்தாய். ஒருநாள் நேராகவே கையை நீட்டினாய்.

"இன்னாடி, ஒரே சேரு, ஒரே வலி. உனக்குக் கேட்ட மருந்து எனக்குக் கேக்காதா? அந்த பாட்டில குடு."

கொடுத்தேன். சாப்பாட்டு வேளையில், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் உன்னைத் திரும்பி உட்காரவைத்து என் கையாலேயே தேய்த்துவிட்டேன். படுத்தால்கூட வலிக்குதுடி, தூக்கமே இல்ல என்றாய். என் காதில் விழுந்தது. வைத்தியரின் அந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொன்னவள் நான். இன்னும் கொஞ்சம் சூடாக்கித் தேய்த்துப் பார் என்றேன். இந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

உன் மகளின் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாள் நீயாகவே ஆஸ்பத்திரிக்குப் போனாய். அதற்குள் உன்னால் மாடிப்படி ஏற முடியாமல் போயிருந்தது. மார்பில் தொடங்கியது முதுகெலும்புக்கு வந்துவிட்டது என்றார்கள்.

கட்டிலருகே நான் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். கதவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாய்.

"கட்டி கீதுன்னு தீபாவளிக்கு முன்னாடியே தெரியும்டி. அவ பரீட்சை முடியட்டும்னு வுட்டுட்டேன். அவகிட்ட மட்டும் சொல்லிடாத."

பழத்தை அப்படியே வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போனேன். அழப் போனேன் என்று நினைத்திருப்பாய். இல்லை, உன்னை அடித்துவிடுவேனோ என்று பயந்து போனேன். அந்த வைத்தியர் கட்டியைப் பற்றிக் கேட்பார் என்று தெரிந்துதான் நீ அவரிடம் வரவில்லை. நாற்காலி வலி என்று ஊரும் நம்ப வேண்டும், நீயும் நம்ப வேண்டும். அதற்கு என் தைலமும் என் கையும் வேண்டியிருந்தது உனக்கு.

மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டாய். வைத்தியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருக்கலாம். "ஒரு தடவ கூட்டிட்டு வந்திருந்தா கேட்டிருப்பேனே" என்றார். அவ்வளவுதான்.

ஆபீசில் உன் படத்துக்கு மாலை போட்டு முதலாளி பேசினார். கடைசிவரை ஒரு நாள் லீவு கேட்டதில்லை என்று உன்னைப் புகழ்ந்தார். எல்லோருக்கும் முன்னால் எழுந்து, "கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா சார்?" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கியவள் மறுபடி அந்தப் படி ஏறவில்லை.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். காரியம் முடிந்த அன்று உன் மகள் என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கேட்டாள்.

"அம்மாவுக்கு முன்னாடியே தெரியுமா ஆன்ட்டி?"

பரீட்சையில் நல்ல மார்க் எடுத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் வேறென்ன சொல்வது? "தெரியாதும்மா. உக்காந்து உக்காந்து வந்த வலின்னுதான் நெனச்சா" என்றேன்.

இப்போது அவள் அடையாறில் இருக்கிறாள். உன் வயதைத் தாண்டிவிட்டாள். உன் திதியன்று தவறாமல் போன் செய்கிறாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி அந்தக் கேள்விக்கே வந்து நிற்கிறது. நானும் அதே பதிலைச் சொல்கிறேன். நீ ஆறு மாதம் சொல்லிவிட்டுப் போன பொய்யை இத்தனை வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.