அறுபத்து நாலு எம்பி

திங்கள், மார்ச் 25, 2002

காலையிலேயே வெயில் சுள்ளென்று. மலைப்பக்கம் காற்றே இல்லை.

பிரௌசிங் சென்டரில் இன்றும் அதே கதை. எட்டு மெஷினுக்கும் நெட் பிரித்துக் கொடுக்கிற மூலைப் பெட்டி, கூட்டம் சேர்ந்தால் நகர மறுக்கிறது. டிஸ்க் மட்டும் விடாமல் கரகர. ஜெர்மன்கார அம்மா மகளுக்கு வெகுநேரம் அடித்த மெயில், போகாமலே அழிந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். கடை அவருடையது. "பௌர்ணமிக்குள்ள சரியாவலன்னா மெஷினைத் தூக்கிடு. கிரிவலத்துக்கு வர்றவங்களுக்கு சோடாவாவது விக்கலாம்." வேலூரில் துணிக்கடை பில் கவுண்டரில் எனக்கு இடம் பார்த்துவிட்டாராம். நான் போகப்போவதில்லை.

செவ்வாய்

பால் பாக்கெட் மறந்தாச்சு. கடுங்காப்பி.

மெமரி போதாவிட்டால்தான் டிஸ்க் இப்படிக் கரகரக்கும். கூட வாங்கிப் போடலாமென்று சென்னைக் கடைக்கு ஃபோன். பழைய மாடல், அந்த மெமரி கிடைப்பதே கம்மி, வர ஒரு வாரமாகும் என்றார் கடைக்காரர். எவ்வளவு வேணும் என்று கேட்டார். சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகப் போச்சு. ஜாஸ்தி என்பது ஒரு அளவா?

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருப்பது 64 எம்பி.
பெட்டியை ஓட்டுகிற லினக்ஸுக்கு 20.
எட்டுப் பேருக்கு, தாராளமாக, 8.
அடிக்கடி கேட்கிற பக்கங்களுக்கு 8.
ஆக 36. பிறகு ஏன் மூச்சு வாங்குகிறது? விடமாட்டேன்.

புதன்

பிடித்துவிட்டேன்! புது டிஸ்க் சும்மா கிடக்கிறதே என்று, பார்த்த பக்கங்களைச் சேர்த்து வைக்க ஆறு ஜிபி ஒதுக்கியிருந்தேன். ஆனால் எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பெல்லாம் மெமரியில்தான் உட்கார்கிறது. ஜிபிக்குச் சுமார் பத்து எம்பி. ஆறுக்கு அறுபது. அந்த 36ஐயும் சேர்த்தால் 96. குடோன் நிரம்ப நிரம்ப மெமரி தீர்ந்துபோகிறது. ஆசை யாரை விட்டது.

ஒரு ஜிபியாகக் குறைத்தேன். 36, 10, மொத்தம் 46. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

கணக்கை நம்பிச் சும்மா இருக்க முடியவில்லை. பக்கத்து டைப்பிங் இன்ஸ்டிடியூட் பெண்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"எதைத் தட்றது, அக்கா?"

"எதையாவது. நிறுத்தாதீங்க, அவ்ளோதான்."

நடிகர் படமாக இறக்கித் தள்ளினார்கள். டிஸ்க் சத்தமே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் ஜெர்மன்கார அம்மா தங்கியிருக்கிற ஆசிரமத்துப் பக்கம் போய் அவரை நாளைக்கு வரச் சொன்னேன். சிரித்தார். வருவேன் என்று சொல்லவில்லை.

வியாழன், பௌர்ணமி

மதியத்திலிருந்தே செங்கம் ரோடு முழுக்க ஜனம். பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்தம். எட்டு சீட்டும் ஃபுல், பெஞ்சிலும் ஆள். பெட்டி அமைதி. அந்த அம்மா வந்தார். முழுசாக அடித்தார், அனுப்பினார். "போயிடுச்சு" என்று தமிழில் சொன்னார்.

இருட்டும் நேரம் அண்ணன், சோடா கிரேட்டுகளோடு. மெஷினைத் தூக்கியிருப்பேன் என்று நினைத்தாராம். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இதெல்லாம் எங்க வைக்கிறதும்மா?"

"வெளியவே வைங்கண்ணா. உள்ள இடமில்ல."