மீனாகப் போகும் அத்தை

ஏப்ரல் 15, திங்கள்

நீச்சல் வகுப்புப் படிவத்தில் அத்தை நெரெய்டா இன்றும் கையெழுத்துப் போடவில்லை. அம்மா சான்டியாகோ நகரத்தில் வேலையில் இருப்பதால் இங்கே எனக்கு எல்லாவற்றுக்கும் அத்தை கையெழுத்துதான்.

"கடல்ல கிடக்கறதுக்கு நீ என்ன கெளுத்தி மீனா, யானில்சா? தரையில நடந்தா போதும்."

நூலகத்தில் இருந்த நீச்சல் புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன். கட்டிலில் குப்புறப் படுத்துத் தவளை உதை நாற்பது முறை பழகினேன். தண்ணீர் மட்டும்தான் பாக்கி.

ஏப்ரல் 17, புதன்

தவக்காலப் பயற்றுப் பாயசம், மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். உட்கார்ந்து எழுத முடியவில்லை.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

பெரிய வெள்ளியன்று கடலில் நனைந்தவர் மீனாகிவிடுவார். எங்கள் தெருவில் இதை மறுத்தவர் கிடையாது. எந்தப் புத்தகத்திலும் நான் பார்த்ததும் கிடையாது.

சிலுவை ஊர்வலம் கோட்டைப் பக்கமிருந்து, கடலோரச் சுவரை ஒட்டிய மலெகோன் நடைபாதைக்குத் திரும்பியது. கடல் கொந்தளிப்பு. அத்தை கறுப்பு உடையில், கடலுக்கு முதுகைக் காட்டி, கைகளை விரித்து எங்களைத் தடுத்தார்.

"சுவர்கிட்ட வராதீங்கடி! ஒரு சொட்டு பட்டா செதில் முளைச்சிடும்!"

சொட்டு வரவில்லை. முழு அலையே வந்து அத்தையைத் தலையோடு நனைத்தது.

ஊர்வலம் நின்றுவிட்டது. பாதிரியார் கண்ணாடியைத் துடைத்தார். தேங்காய் மிட்டாய் விற்கும் கொலும்பினா மட்டும் சும்மா இருக்கவில்லை.

"ஏ நெரெய்டா, உன்னை வறுக்கறதா, தேங்காய்ப்பால்ல போடறதா?"

நான் சிரிக்கவில்லை. — சிரித்தேன்.

ஏப்ரல் 20, சனி

காலையிலேயே அத்தை என் பூதக்கண்ணாடியைக் கேட்டார்.

"செவுள் எந்த இடத்துல வரும்டி?"

அறிவியல் புத்தகத்தில் உள்ளபடி காதுக்குக் கீழே தொட்டுக் காட்டினேன். செய்திருக்கக் கூடாது. அங்கே ஒரு கொசுக்கடி இருந்தது.

மதியம் மீன் தட்டைத் தள்ளி வைத்தார். "வேணாம். நாளைக்கு உறவாயிடும்."

"இதெல்லாம் கதை அத்தை. அறிவியல்படி —"

"எனக்கு நீச்சல் தெரியாதுடி." குரல் இறங்கிவிட்டது. "மீனாகறது போகட்டும். மீனாகி மூழ்கிப் போனேன்னா? கொலும்பினா என்னைச் சும்மா விடுவாளா?"

மீன்களுக்கு நீச்சல் பிறவியிலேயே வரும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். படிவத்தை மேசையில் அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். பேசாமல் இருப்பது பொய்யில் சேருமா? சேரும் என்றுதான் நினைக்கிறேன். ஐயோ.

ஏப்ரல் 21, ஞாயிறு

இன்னும் அத்தையாகத்தான் இருக்கிறார்.

ஏப்ரல் 22, திங்கள்

அத்தை இரண்டு படிவங்களில் கையெழுத்துப் போட்டார். ஒன்று எனக்கு. ஒன்று அவருக்கு!

கடற்கரைக்கு நடந்தோம். தேவாலயத்துக்குப் போடும் தொப்பியை அத்தை தலையில் வைத்திருந்தார். மீன் விஷயத்தைச் சொன்னால் திரும்பிவிடுவார், என் வகுப்பும் போகும். சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மலெகோன் பாதி தாண்டியதும் கொட்டிவிட்டேன்.

"அத்தை, மீனெல்லாம் நீச்சல் கத்துக்கறதில்ல. பிறக்கும்போதே தெரியும். நான் வேணும்னேதான் சொல்லல."

அத்தை நின்றார். முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"தெரியும்டி. நான் என்ன முட்டாளா?"

"அப்போ எதுக்கு —"

"நாப்பத்தாறு வருஷமா இந்தச் சுவரோரமா நடக்கறேன். ஒரு நாள்கூட கடல்ல இறங்கினதில்ல, பயம். வெள்ளிக்கிழமை அந்தக் கடலே மேலேறி வந்து கட்டிப் பிடிச்சிடுச்சு. அவ்வளவுதானான்னு ஆயிடுச்சு எனக்கு." தொப்பியை அழுத்திக்கொண்டார். "இதைக் கொலும்பினாகிட்ட சொன்னே, தோலை உரிச்சிடுவேன். நட, நேரமாச்சு."

தண்ணீரில் இறங்கியதும் புத்தகத்தில் படித்தது அத்தனையும் மறந்துவிட்டது. நீச்சல் சொல்லித்தரும் வில்ஃப்ரீடோ சாரின் கழுத்தை நான் ஒரு பக்கம், அத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டோம். சாருக்குத்தான் மூச்சு முட்டியது.

மே 11, சனி

மிதவைக் கயிறுவரை அத்தை போய்விட்டார். நான் பாதியில் திரும்பி, மணலில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கிருந்தே கத்துகிறார்:

"கரையில உக்காந்து என்னடி எழுத்து? தண்ணி நல்லாருக்கு, வா!"