போர்வைக்குள் வைத்த பை

12 நவம்பர், புதன்

மூன்றாம் அறை கிரகோரி அண்ணனின் மூத்திரக் குழாயை இன்று எடுத்துவிடலாம் என்றிருந்தோம். நடக்கவில்லை. கோட்டுகால் ஊர்க்காரர், கடலுக்குப் போகிறவர். வள்ளத்திலிருந்து இறங்கும்போது வழுக்கி இடுப்பெலும்பு ஒடிந்து, ஆபரேஷன் முடிந்து கிடக்கிறார். சர்க்கரையும் உண்டு. சிபி டாக்டர் எடுக்கத்தான் சொன்னார். அண்ணனின் மனைவி அகஸ்டினாக்கா விடவில்லை. "குழாய் கெடந்தா அவருக்கு எழும்பண்டாம் டாக்டரே. வலி தாங்க மாட்டாரு, பாவம்." சரி, ரெண்டு நாள் கிடக்கட்டும் என்று டாக்டர் போய்விட்டார்.

எனக்கு அந்த ரெண்டு நாள்தான் பயம். போன மாதம் அதே அறையில் விஜயம்மா. முழங்கால் முட்டு ஆபரேஷனுக்கு வந்தவர். ஆபரேஷன் ஜோராக முடிந்தது. குழாய் வழியாகக் கிருமி ஏறி, காய்ச்சலில் தொடங்கி, ரத்தம் வரைக்கும் போய் — வேண்டாம். எழுதினால் தூக்கம் போய்விடும்.

14 நவம்பர், வெள்ளி

மூத்திரம் தெளிவு. குழாயை எடுத்துவிடலாம் என்றால் அக்கா இன்றும் விடவில்லை. கழுவிக் கழுவி என் விரலிடுக்கெல்லாம் தோல் வெடித்துவிட்டது. "கைய கழுவுனது போரும், இனி சோத்த தின்னு" என்கிறார் ரெஜித். என்னைக் கட்டினவருக்கு எல்லாம் கேலி.

15 நவம்பர், சனி

அகஸ்டினாக்காவிடம் மறுபடியும் சொன்னேன். குழாயில் மாட்டிய மூத்திரப் பை எப்போதும் வயிற்றுக்குக் கீழேதான் தொங்க வேண்டும், தரையிலும் படக்கூடாது. மேலே தூக்கினால் பையில் கிடக்கிற மூத்திரம் திரும்ப உள்ளே போகும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் புறப்படும்போது, "நாளைக்கு அவருக்கு நன்மை உண்டு மக்கா" என்றார். நல்லதே நடக்கும் அக்கா என்று தோளைத் தட்டிவிட்டு வந்தேன். கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது.

16 நவம்பர், ஞாயிறு

நன்மை என்றால் நற்கருணையாம். பங்குச் சாமியார் கோவிலிலிருந்து அப்பம் கொண்டுவருவதைத்தான் அக்கா நேற்று சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் நன்மை என்றால் நல்லது, அவ்வளவுதான். நான் என்னத்தைக் கண்டேன்?

நான் அறைக்குப் போகும்போது சாமியார் ஜெபம் முடித்து வெளியே வந்துகொண்டிருந்தார். கட்டில் கொக்கியில் பையைக் காணவில்லை. போர்வையைத் தூக்கினேன். அண்ணனின் நெஞ்சோடு சேர்த்து வைத்திருக்கிறது, நிறைந்த பை. விடிந்ததிலிருந்தே அப்படியாம்.

கத்திவிட்டேன். அக்கா அழுதார். "ஆண்டவரு வரும்போ மூத்திரப் பையத் தொங்கவிட்டுக்கிட்டு கெடக்கவா? மானக்கேடு ஆக்கும் மக்கா."

என்ன நன்மை அக்கா என்று நேற்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? பக்கத்திலேயே நின்றிருப்பேனே.

17 நவம்பர், திங்கள்

காய்ச்சல். நடுக்கம். மூத்திரம் கலங்கி நாறுகிறது.

18 நவம்பர், செவ்வாய்

டாக்டர் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியது போட்டார். மூத்திரத்தைச் சோதனைக்கு அனுப்பி, ஊசியும் தொடங்கியாயிற்று. அந்தப் பையினால்தானா என்று கேட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். குழாய் கிடக்கிற ஒவ்வொரு நாளும் பயம்தான் பிரசீதா. நானும் அன்னைக்கே எடுத்திருக்கணும்" என்றார்.

அண்ணன் பிதற்றுகிறார். காற்று திரும்பியாச்சு, வள்ளத்த ஏத்துலே என்று யாரையோ விரட்டுகிறார். அக்கா என் முகத்தையே பார்க்கிறார். நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? விஜயம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. தெய்வமே, இந்த மனுஷனை விட்டுவிடு.

19 நவம்பர், புதன்

பழைய சுரிதார் துணியில் பைக்கு ஓர் உறை தைத்துக் கொண்டுபோனேன். கொக்கியிலேயே தொங்கும், உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. அக்கா தடவிப் பார்த்தார். "இத நேரத்தே தந்திருந்தா நான் எதுக்கு மக்கா ஒளிச்சி வைக்கேன்?" உறையை வாங்கிப் பைக்கு மாட்டிவிட்டேன்.

காய்ச்சல் இறங்கவே இல்லை.

21 நவம்பர், வெள்ளி

வியர்த்திருக்கிறது. கஞ்சி வேண்டுமென்று கேட்டாராம். நம்பலாமா?

23 நவம்பர், ஞாயிறு

காலையில் குழாயை எடுத்துவிட்டோம். இந்தத் தடவை அக்கா மறுபேச்சு பேசவில்லை. இனி அண்ணன் தானாக மூத்திரம் போக வேண்டும். போகாவிட்டால் மறுபடி குழாய், மறுபடி இதே பயம்.

வரவில்லை. "பெண்ணுங்க சுத்தி நிண்ணா எப்பிடி வரும்?" என்று என்னை விரட்டினார். மத்தியானம் அடிவயிறு உப்பத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்றார் டாக்டர். டியூட்டி முடிந்தும் எனக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை, வராந்தாவில் நின்றேன். அண்ணனைப் பார்க்க வந்த சாமியாரும் உள்ளே போக முடியாமல் பக்கத்தில் நின்றார். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம். அறைக்குள் அக்கா பைப்பைத் திறந்துவிட்டிருந்தார், தண்ணீர்ச் சத்தம் கேட்டாலாவது வராதா என்று. எவ்வளவு நேரம் ஓடியதோ.

சத்தம் நின்றது. கதவு திறந்தது. அகஸ்டினாக்கா மூத்திரக் குப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். மூடவில்லை, துணி போடவில்லை. வராந்தா முழுக்க ஆட்கள். நேரே சாமியாரிடம் வந்து நீட்டினார்.

"பாருங்க ஃபாதர், நல்ல தெளிஞ்ச மூத்திரம் ஆக்கும்."

சாமியாரும் குனிந்து பார்த்தார்.