கல்மனிதனின் கடைசி அத்தியாயம்

அண்ணா, நேற்று சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு கடையில் யாரோ படம் வரையும் இந்தியன் இங்க் புட்டியைக் கீழே போட்டு உடைத்துவிட்டார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் முகம் வந்தது. கூடவே கோபமும் வந்தது. நீங்கள் போய் இத்தனை வருடமாகியும் அது ஆறவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் எருமப்பட்டியில் டீச்சர். நீங்கள் சேலத்தில் சினிமா பேனர் வரைபவர். மாதம் ஓர் அத்தியாயமாக ஒரு சித்திரக்கதை போட்டோம். எழுத்து நான், படம் நீங்கள். நம் கல்மனிதன் வெள்ளைக்கல் சுரங்கத் தொழிலாளி. ஓர் உயிரைக் காப்பாற்றும் ஒவ்வொரு முறையும் அவன் உடம்பில் ஒரு பாகம் கல்லாகிவிடும். அப்படி ஒருவன் கடைசியில் என்ன ஆவான் என்று கேட்டுப் பிள்ளைகள் கடிதம் போட்டார்கள்.

அதைச் சினிமாவாக எடுக்க ஒரு தயாரிப்பாளர் உங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். "இவுங்க யாருங்க?" என்று அவர் கேட்டார். "நான் சொல்லச் சொல்ல எழுதற டீச்சருங்க. கையெழுத்து நல்லா இருக்கும்" என்றீர்கள். அவர் போன பிறகு, "கதைய யாரு வேணும்னாலும் எழுதிப்போடலாம் அம்மிணி, படத்துக்குத்தான் கை வேணும்" என்று சமாதானம் வேறு சொன்னீர்கள். நான் பஸ் ஏறினேன். கடைசி அத்தியாயத்தை உங்களுக்கு அனுப்பவே இல்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கே வந்து நின்றீர்கள். கதையின் முடிவு தெரியாமல் படப்பிடிப்பு முட்டி நின்றுவிட்டது.

"அம்மிணி, கடைசில அவன் என்னாகறான்? அத மட்டுஞ் சொல்லீரு."

"நீங்க சொல்லச் சொல்ல எழுதறவ தானுங்கண்ணா நான். சொல்லுங்க, எழுதறேன்."

நீங்கள் தலை குனிந்தீர்கள். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனீர்கள். அன்று வகுப்பில் எனக்குப் பாடம் அவ்வளவு நன்றாக வந்தது.

படத்தை முதல் நாளே சேலத்தில் பார்த்தேன். வெள்ளைக் குன்றின் புழுதிக்குள்ளிருந்து அவன் எழுந்து வந்தபோது விசிலடித்தவர்கள்கூட அடங்கிப்போனார்கள். எனக்கும் மூச்சு நின்றது, பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு காட்சியும் நீங்கள் வரைந்த கட்டம்தான். ஆனால் அவன் ஏன் கல்லாகிறான் என்று ஒருவரும் சொல்லவில்லை. கடைசியில் மழை பெய்ய, கல் உதிர்ந்து, கதாநாயகியோடு பாட்டுப் பாடினான். பின்வரிசையில் ஒருவர், "படம் கண்ணுக்குள்ளயே நிக்குது, கதைதான் எங்கன்னு தெரியல" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இரண்டு வரிசை முன்னால் இருந்த நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். நான் சிரிப்பை நிறுத்தவில்லை.

ஒரே வாரத்தில் படத்தைத் தூக்கினார்கள். நீங்கள் பேனருக்கே திரும்பினீர்கள். அதற்குப் பிறகு நாம் பேசவில்லை.

நீங்கள் இறந்தபோது துக்கத்துக்கு வந்திருந்தேன். "அந்த டீச்சர் கதையோட கடைசில என்னதான் வெச்சிருந்துச்சோன்னு கேட்டுட்டே இருந்தாருங்க. எனக்காவது சொல்லுங்க" என்றார் அண்ணி. சொல்லவில்லை. நீங்கள் தெரியாமல் போனதுதான் நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

அந்தக் கடைசி அத்தியாயத்தை எழுதி வைத்த ஆறு பக்கங்களும் என் பீரோவில் இருக்கின்றன. அவ்வப்போது எடுத்துப் படிக்கிறேன். ஒவ்வொரு முறையும் கல்மனிதன் உங்கள் கோடுகளில்தான் எழுந்து நடக்கிறான். வேறு முகம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. அந்த முகத்தை மட்டும் உங்களிடமிருந்து என்னால் பிடுங்க முடியவில்லை அண்ணா.