அடையாள அட்டையும் கடல் திரையும்

1949, ஞாயிறு இரவு. புக்கிட் ரோத்தான், மலாயா.

இன்று முதலாளியின் சொல்லை மீறினேன். ரப்பர் தோட்டத்து ஆட்களை அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலை எங்கள் ஸ்டூடியோவுக்குக் கிடைத்ததிலிருந்தே, "பின்னால வெள்ளைத் துணி போதும், நீ வரைஞ்சதெல்லாம் கடையிலேயே இருக்கட்டும்லா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தரும் சம்பளத்தில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனாலும் படம் எடுக்கும்போது பின்னால் தொங்கவிட நான் வரைந்த கடல் திரையைச் சுருட்டி லோரியில் போட்டுக்கொண்டேன்.

எல்லாரையும் எடுத்து முடித்ததும் அதை லயத்துச் சுவரில், தொழிலாளர் வீட்டு வரிசையின் முன்னால், தொங்கவிட்டேன். ரப்பர் பால்மரம் வெட்டும் ராக்காயி அக்கா முதலில் வந்து நின்றார்.

"போலீசுக்குக் காட்டுற மூஞ்சிய எடுத்தாச்சு தம்பி. ஊர்ல எங்கம்மா பாக்க ஒன்னு எடுங்க."

புருஷனையும் பிள்ளைகளையும் கூப்பிட்டார். பின்னாலேயே லயம் முழுக்க வரிசையில் நின்றது. முதலாளி என்னை முறைத்தார். பிறகு பிலிம் மாற்றினார்.

திரும்பும் வழியில் சொன்னார். "அடுத்த தோட்டத்துக்கு ஒரு அரண்மனை வரைஞ்சிடு. சாயம் நான் வாங்கித் தர்றேன். காடு மட்டும் வேணாம்லா, கம்யூனிஸ்டுங்க ஒளியுற எடம்னு போலீஸ்காரன் கேள்வி கேப்பான்."

வீட்டில் மனைவி பாக்கியத்திடம் சொன்னேன். "ஜன்னல் நெறைய வைங்க, காத்து வரட்டும்" என்று சிரித்தாள்.

அரண்மனையை நான் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. படிக்கட்டிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.