நான் கேட்ட ஐந்து ஹார்ட்டின்

என் அருமை அத்திம்பேருக்கு,

நீங்கள் போய் ஒரு மாசமாகிறது. நாம் கடைசியாக ஆடிய அன்று என் கையில் இருந்த பதிமூன்று சீட்டுகளையும் துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். அக்கா பார்த்தால் பைத்தியம் என்பாள். பைத்தியம்தான்.

தம்பானூரில் நாம் ஜோடியாக ஆடிய டீம் பிரிட்ஜ், கடைசி ஆட்டம். ஏலத்தில் நாம் நாலு ஹார்ட்டின் கேட்டோம்; எதிராளிகள் மேலே நாலு ஸ்பேட் கேட்டார்கள். நான் பாஸ் சொல்லி முடிவை உங்களிடம் விட்டேன். நீங்கள் டபுள் சொன்னீர்கள். இவர்களை வீழ்த்திவிடலாம், நீ சும்மா இரு என்று அதற்கு அர்த்தம். இருந்தேனா? ஐந்து ஹார்ட்டின் கேட்டு, ஒரு பிடி குறைந்து தோற்றேன். அடுத்த அறையில் இதே சீட்டுகளை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து ஆடிய நம் ஆட்கள் நாலு ஸ்பேட் கேட்டு, டபுளாகி, இரண்டு பிடி குறைந்தார்கள். அங்கே என் சீட்டுகளை வைத்திருந்த எதிராளி வாயை மூடிக்கொண்டிருந்தான். கோப்பை போச்சு.

பழவங்காடி வரை நடந்தோம். வழக்கமாக ஆட்டம் ஆட்டமாகப் பிரித்து மேய்வீர்கள், அன்று ஒரு வார்த்தை இல்லை. கோபம் என்று நினைத்து உங்கள் தெருப்பக்கமே வரவில்லை. அக்கா ஆபீஸுக்குப் போன் செய்து, "அத்திம்பேர் உன்னத் தேடறார்டா, வந்துட்டுப் போ" என்றாள். ஆடிட் என்று புளுகினேன். மூன்றாம் நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள்.

ஏலக் கேள்வியில் தகராறு வந்தால், ஆட்டத்தைப் பார்க்காத ஆளிடம் சீட்டை மட்டும் சொல்லி, முடிவை மறைத்து, நீங்களானால் என்ன கேட்பீர்கள் என்று விசாரிப்பது நம் வழக்கமாயிற்றே. அப்படித்தான் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தராவது ஐந்து ஹார்ட்டின் என்றால் எனக்கு மூச்சு வரும். எல்லோரும் பாஸ் என்றார்கள்.

நேற்று ஆரியசாலையில் மொத்தக்கடை வைத்திருக்கும் பிள்ளை அண்ணாச்சியிடம் போனேன். பாதி வாசிக்கும்போதே கையமர்த்தினார்.

"இதே கையத்தான் உங்க அத்திம்பேரும் கொண்டுவந்தாரு, மேட்சுக்கு மறுநாளே. நாலு பேரக் கேட்டாச்சாம். ஒராளாவது அஞ்சு ஹார்ட்டின்னு சொன்னா பாலுகிட்டப் போயிச் சொல்லலாம், பய ஒடைஞ்சு கெடக்கான்னாரு. நான் பாஸ்னுட்டேன். மொகம் வாடிப்போச்சு, கேட்டியளா."

பாவி நான். எனக்காக நீங்கள் கடைகடையாக ஏறி இறங்கியிருக்கிறீர்கள். நான் உங்களுக்குப் பயந்து ஒளிந்திருந்தேன். அன்று வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஒருத்தரும் உன் பக்கம் இல்லையடா என்றா? எனக்காகப் பொய் சொல்லியிருப்பீர்களா? இதை இனி யாரிடம் போய்க் கேட்பேன்?

தப்பு என்னுடையதுதான், அத்திம்பேர். இனி யாரிடமும் அந்தக் காகிதத்தை நீட்ட மாட்டேன். யாராவது என்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்தால், திட்டத்தான் என்றாலும், அன்றைக்கே போய் நிற்பேன். சத்தியம்.

தேடியபோது வராத உங்கள் மச்சினன்,
பாலு